கேட் ஒன்று, கொடி ஐந்து

(வாசகர் கேள்வி – பதில். இந்த மாதம் பதில் எழுதுபவர் திருவொற்றியூர் காலடிப்பேட்டையில் வசிக்கும் ஓய்வுபெற்ற தொழிலாளி. மின்மோட்டார் தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையின் வைண்டிங் பிரிவில் 27 ஆண்டுகள் காயில் (கம்பிச்சுருள்) சுற்றியவர். சங்கத்தின் பொருளாளராக இருந்தவர்.)

எங்கள் கம்பெனி வாசலில் ஐந்து கொடிக்கம்பங்கள். நான் கான்ட்ராக்ட் தொழிலாளி. எந்தச் சங்கத்தில் சேர்ந்தாலும் மற்ற நாலு பேருக்கும் பகையாளி ஆகிவிடுகிறேன். பேசாமல் நாங்களே தனியாக ஒன்று தொடங்கிவிடலாமா அக்கா?
– வாசகர், மணலி

தொடங்கலாம் தம்பி. ஏழு பேர் சேர்ந்து விண்ணப்பிக்கலாம். ஆனால் அந்த நிறுவனத்தில் வேலை செய்பவர்களில் 10 சதவீதமோ, 100 பேரோ, எது குறைவோ அத்தனை பேராவது உறுப்பினராக இருக்க வேண்டும். சட்டம் அவ்வளவுதான் கேட்கிறது. நான் கேட்பது வேறு. ஆறாவது கொடிக்கம்பம் நட்டால் உங்கள் கூலி ஏறுமா?

எங்கள் தொழிற்சாலையில் மூன்று சங்கங்கள் இருந்தன. நிர்வாகிகள் தேர்தலில் தோற்றவர்கள் பிரிந்துபோய் நாலாவதையும் தொடங்கினார்கள். போனஸ் பேச்சு வந்தால் நிர்வாகம் ஒவ்வொரு சங்கத்தையும் தனித்தனியாகக் கூப்பிடும். சட்டப்படி 8.33 சதவீதத்துக்குக் கீழே போக முடியாது, 20-க்கு மேலே கொடுக்க வேண்டியதில்லை. நடுவில் எந்த இடத்தில் நிற்பது என்பதுதான் பேச்சே. முதலில் யார் குறைவாக ஒத்துக்கொள்கிறார்களோ அவர்களிடம் கையெழுத்து வாங்கி நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிடுவார்கள். மற்ற மூன்று சங்கமும் அந்தச் சங்கத்தைத் திட்டி கேட் மீட்டிங் போடும். ஒரே நேரத்தில் மூன்று மைக் அலறும், ஷிப்ட் முடிந்து வெளியே வருகிற எங்களுக்கு ஒரு வார்த்தை புரியாது.

அதை உடைத்தது கக்கூஸ் பிரச்சினை. வைண்டிங் பிரிவில் நாங்கள் 64 பெண்கள். கழிப்பறை இரண்டு, அதில் ஒன்றுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. நாலு சங்கத்துப் பெண்களும் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து ஒரே மனு எழுதினோம். எந்தச் சங்கத்து ஆள் பெயர் முதலில் வருவது என்று பேச்சு வந்தது. ஒரு பெண் சாப்பாட்டுத் தட்டைக் காகிதத்தில் கவிழ்த்து வட்டம் போட்டாள். வட்டத்தைச் சுற்றிக் கையெழுத்துப் போட்டோம். முதலும் இல்லை, கடைசியும் இல்லை. எங்கள் சங்கச் செயலாளர் என்னைக் கூப்பிட்டு, "அவங்க பேரோட சேர்ந்து நம்ம பேரு எதுக்கு?" என்று கோபித்துக்கொண்டார். பத்தொன்பதாவது நாள் ஆறு கழிப்பறை கட்டக் கொத்தனார் வந்தபோது அவர் ஒன்றும் சொல்லவில்லை.

அதற்கு அடுத்த வருடம்தான் கூட்டுக்குழு. நாங்கள் வைத்துக்கொண்ட விதிகளில் எனக்கு முக்கியமாகப் பட்டது ஒன்றுதான். மேனேஜர் ரூமுக்குள் எந்தச் சங்கத்து ஆளும் தனியாகப் போகக் கூடாது, போனால் இன்னொரு சங்கத்து ஆள் கூட இருக்க வேண்டும். பழைய சந்தேகங்கள் எத்தனையோ அந்த ஒரு விதியால் போயின.

அதனால் எந்தச் சங்கம் என்று முடிவு செய்வதற்கு முன் இரண்டு விஷயம் விசாரியுங்கள். கணக்கு நோட்டைக் காட்டச் சொன்னால் காட்டுகிறார்களா? கான்ட்ராக்ட் ஆளுக்குக் கமிட்டியில் இடம் உண்டா? இரண்டுக்கும் ஆமாம் என்றால் கொடி எந்த நிறமானாலும் சேருங்கள். சேர்ந்த பிறகு மற்ற நாலு சங்கத்திலும் உங்களை மாதிரி ஆள் யார் என்று தேடுங்கள். கட்டாயம் இருப்பார்கள்.

"உங்க லீடர் இந்தக் கம்பெனியிலயே வேலை செய்யல, வெளியாள். அவன் பேச்சை ஏன் கேக்கறீங்க?" என்று மேலாளர் கேட்கிறார். பதில் சொல்லத் தெரியவில்லை.
– வாசகி, எண்ணூர்

உள்ளே வேலை செய்கிறவர் தலைவராக இருந்தால் மெமோ கொடுக்கலாம், சஸ்பெண்ட் செய்யலாம், தூரத்து டிப்போவுக்கு மாற்றலாம். வெளியாளை அப்படிச் செய்ய முடியாது. மேலாளருக்கு அதுதான் கஷ்டம். 1926-ஆம் வருடத் தொழிற்சங்கச் சட்டத்திலேயே நிர்வாகிகளில் பாதிப் பேர் வரை வெளியாட்களாக இருக்கலாம் என்று இருந்தது. பிறகுதான் அதைக் குறைத்தார்கள்.

அந்தச் சட்டம் வந்ததற்கே நம் பெரம்பூர் ஒரு காரணம். அங்கே பக்கிங்காம், கர்நாடிக் பஞ்சாலைத் தொழிலாளர்கள் சேர்ந்த சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் முதல் தலைவர் பி.பி. வாடியா பம்பாய்க்காரர், பார்சி. 1920-ல் ஆலைத் தகராறு முற்றியபோது நிர்வாகம் உயர் நீதிமன்றத்துக்குப் போய் அவர் மேல் தடையுத்தரவு வாங்கியது. சங்கம் நடத்துவதே குற்றமா என்ற கேள்வி அப்போதுதான் நாடு முழுக்க எழுந்தது. ஆறு வருடம் கழித்துச் சட்டம் வந்தது. அதே சங்கத்துக்கு 1946-ல் தலைவராக வந்த எஸ்.சி.சி. அந்தோணிப் பிள்ளை யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். அடுத்த வருடத்துப் பெரிய வேலைநிறுத்தத்தில் சிறைக்குப் போனார். 1957-ல் வடசென்னை மக்கள் அவரைச் சுயேச்சையாகவே நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள்.

மேலாளரும் வேறு ஊரிலிருந்து வந்தவராகத்தான் இருப்பார். அதைச் சொல்லிச் சண்டை வளர்க்க வேண்டாம். "அவர் எங்களுக்காகப் பேசறார், நாங்க கேக்கறோம்" என்றால் போதும்.

நான் புளியந்தோப்பு. கல்லூரியில் கூடப் படிக்கிற ஒருவன், 1921 மில் ஸ்ட்ரைக்கை உடைத்தது எங்கள் ஆட்கள்தான் என்றான். எனக்கு அது தெரியாது. வீட்டில் கேட்டால் பேச்சை மாற்றுகிறார்கள். உண்மையா?
– வாசகர், புளியந்தோப்பு

தம்பி, உங்கள் கடிதத்தைப் பல முறை படித்தேன். இதற்கு நான் பதில் சொல்வதில் ஒரு சங்கடம் இருக்கிறது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். என் தாத்தா அந்த வேலைநிறுத்தத்தில் இருந்தவர். நெசவுச் சாதி. "அவங்க உள்ள போயிட்டாங்க, நாங்க தெருவுல நின்னோம்" என்று எங்கள் வீட்டிலும் சொல்வார்கள். உங்கள் கூடப் படிக்கிற பையன் சொன்னதை நான் சோறு ஊட்டும்போதே கேட்டு வளர்ந்தேன்.

நடந்ததைச் சொல்கிறேன். 1918 ஏப்ரல் 27-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. நாட்டிலேயே ஒழுங்காக அமைக்கப்பட்ட முதல் தொழிற்சங்கம் என்று அதைத்தான் குறிப்பிடுகிறார்கள். தொடங்கியவர்கள் செல்வபதி செட்டியார், ராமானுஜலு நாயுடு என்ற இரண்டு சிறு வியாபாரிகள். அவர்கள் நடத்திய வைணவ சபையில் திரு.வி.க. பேச வந்தபோது தொழிலாளர்கள் கூடினார்கள், அங்கிருந்துதான் சங்கத்துக்கு வழி பிறந்தது. சாப்பாட்டு இடைவேளை போதவில்லை என்பது முதல் குறைகளில் ஒன்று. 1920 டிசம்பரில் பக்கிங்காம் ஆலைத் தொழிலாளர்கள் மேல் போலீஸ் சுட்டது. பாபுராவ், முருகன் என்ற இருவர் இறந்தார்கள். அதுவரை சங்கம் வளர்ந்துகொண்டுதான் இருந்தது.

1921 மே மாதம் கர்நாடிக் ஆலையில் வேலைநிறுத்தம் தொடங்கியது. ஜூனில் பக்கிங்காம் ஆலையும் நின்றது. ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பகுதியினர் வேலைக்குப் போனார்கள். அது உண்மை. அதற்கப்புறம் நடந்ததும் உண்மை. புளியந்தோப்பில் அவர்களுடைய குடிசைகள் எரிந்தன. ஒரு பக்கம் ஆதிதிராவிடர்கள், மறுபக்கம் சாதி இந்துக்களும் முஸ்லிம்களும் என்று மாதக்கணக்கில் கலவரம். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. அக்டோபரில் வேலைநிறுத்தம் தோற்று முடிந்தது. சங்கம் எழுந்து நிற்கப் பல வருடங்கள் ஆயின.

ஏன் போனார்கள் என்பதை உங்கள் நண்பர் சொல்லியிருக்க மாட்டார். அதற்கு முன்பு நடந்த வேலைநிறுத்தத்திலும் கதவடைப்பிலும் அவர்களும் பட்டினி கிடந்தவர்கள்தான். அடுத்த பட்டினிக்குக் கையில் எதுவும் மிச்சமில்லை. என் தாத்தாவுக்குத் தறி தெரியும், காஞ்சிபுரம் பக்கம் சொந்தக்காரர் வீடு இருந்தது, இரண்டு மாதம் அங்கே போய் இருந்தார். சேரியில் இருந்தவர் எங்கே போவார்? ஆதிதிராவிடர் தலைவர் எம்.சி. ராஜா அவர்கள் பக்கம் நின்று பேசினார். நிர்வாகத்துக்கும் அரசாங்கத்துக்கும் அந்தப் பிளவு வசதியாக இருந்தது. அப்போது மாகாணத்தை ஆண்ட நீதிக்கட்சியின் தலைவர்கள் சிலர், ஆதிதிராவிடர்களுக்கு அரசாங்கம் செல்லம் கொடுத்ததுதான் கலவரத்துக்குக் காரணம் என்றார்கள். பின்னால் எம்.சி. ராஜா அந்தக் கட்சியை விட்டு வெளியேறினார்.

சங்கத்தை முன்நின்று நடத்தியவர்களில் ஒருவரான திரு.வி.க.வை நான் மனதார மதிக்கிறவள். ஆனாலும் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. குழாயடியில் கூட நிற்க விடாதவர்கள், வீட்டுத் திண்ணையில் உட்கார விடாதவர்கள், "வா, சேர்ந்து பட்டினி கிடப்போம்" என்று மட்டும் கூப்பிட்டால் யார் வருவார்கள்? சங்கம் அவர்களை உறுப்பினராகச் சேர்த்தது. அவர்கள் வீட்டு அடுப்பைப் பற்றி யோசிக்கவில்லை.

எனக்கு இதைப் புரியவைத்தது புத்தகம் இல்லை. பக்கத்து மேஜையில் காயில் சுற்றிய தோழி, உங்கள் புளியந்தோப்புக்காரர். ஒரு நாள் சாப்பிடும்போது நான் என் தாத்தா கதையைப் பெருமையாகச் சொன்னேன். அவர் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு, "எங்க ஆயா அன்னிக்கு ராத்திரி கைக்குழந்தையத் தூக்கிக்கிட்டு வியாசர்பாடிக்கு நடந்தாங்க. குடிசை எரியற வெளிச்சத்துல வழி தெரிஞ்சுதாம்" என்றார். அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை. மறுநாளும் எனக்குப் பக்கத்தில்தான் வந்து உட்கார்ந்தார். நான்தான் அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் இருந்தேன்.

பிறகு 1994-ல் எங்கள் தொழிற்சாலையில் 41 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. நிவாரண அரிசி என் பொறுப்பு. எல்லாருக்கும் சமமாகப் பங்கு போடு என்றது கமிட்டி. நான் மறுத்தேன். சொந்த வீடு உள்ளவர்களுக்கு முதல் இரண்டு வாரம் அரிசி கிடையாது, வாடகை வீட்டுக்காரர்களுக்கும் கான்ட்ராக்ட் ஆட்களுக்கும் முதலில் கொடுப்போம் என்றேன். எனக்கே சொந்த வீடு இருந்தது, அதனால் வாயைத் திறந்து சொல்ல முடிந்தது. இரண்டு நாள் சண்டை. அந்தத் தோழி என் பக்கம் நின்றார். கடைசியில் அப்படியே செய்தோம். பந்தலில் பொதுச் சமையல் தொடங்கியபோது முதல் மூன்று நாள் சில பேர் வீட்டிலிருந்து டிபன் பாக்ஸ் கொண்டு வந்து ஓரமாக உட்கார்ந்தார்கள். யார் சமைக்கிறார்கள் என்பதுதான் காரணம் என்று எங்களுக்குத் தெரியும். கமிட்டி உறுப்பினர்கள் அத்தனை பேரும் பந்தலில்தான் சாப்பிட வேண்டும் என்று தீர்மானம் போட்டோம். ஒரு வாரத்தில் டிபன் பாக்ஸ்கள் குறைந்தன. முழுசாக நிற்கவில்லை, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் 41 நாளும் ஒருவர்கூட உள்ளே போகவில்லை.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் பேச்சை மாற்றுவது வெட்கத்தால் இல்லை தம்பி, பயத்தால் இருக்கலாம், வலியால் இருக்கலாம். பொறுமையாகக் கேளுங்கள். ஒரு நாள் சொல்வார்கள். சொன்னதை எழுதி வையுங்கள்.

மே தினத்தை இந்தியாவில் முதலில் கொண்டாடியது சென்னையில்தான் என்று எங்கள் டீச்சர் சொன்னார். எங்கே?
– ஒன்பதாம் வகுப்பு மாணவி, ராயபுரம்

டீச்சர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். 1923 மே 1. சிங்காரவேலர் அன்று இரண்டு இடத்தில் கூட்டம் நடத்தினார். ஒன்று உயர் நீதிமன்றத்துக்கு எதிரே கடற்கரையில், இன்னொன்று திருவல்லிக்கேணிக் கடற்கரையில். அவர் மீனவர் குடும்பத்தில் பிறந்த வக்கீல். அப்போது அவருக்கு 63 வயது. அந்த வயதில் புதுக் கட்சி தொடங்கினார். 68 வயதில் ரயில்வே வேலைநிறுத்தத்துக்காகக் கைதாகிச் சிறைக்குப் போனார். உன் தாத்தா, ஆயா வயதை நினைத்துப் பார் கண்ணு.

என் மகள் வட அயர்லாந்தில் பெல்ஃபாஸ்ட் நகரத்தில் நர்ஸ். அங்கே கத்தோலிக்கர் தெருவுக்கும் புராட்டஸ்டன்ட் தெருவுக்கும் நடுவில் பெரிய சுவர் இருக்கிறதாம். நம் ஊர் சாதிச்சுவர் மாதிரி. அங்கே தொழிலாளர்கள் எப்போதாவது ஒன்று சேர்ந்திருக்கிறார்களா?
– வாசகி, கொளத்தூர்

சேர்ந்திருக்கிறார்கள். எங்கள் சங்க வகுப்பில் இந்தக் கதையைச் சொல்லிக்கொடுத்தார்கள், நான் நோட்டில் எழுதி வைத்திருந்தேன். அதுவும் நம்மைப் போலத் துறைமுக ஊர், மில் ஊர்.

1907-ல் ஜேம்ஸ் லார்கின் என்பவர் அங்கே துறைமுகத் தொழிலாளர்களையும் வண்டிக்காரர்களையும் திரட்டினார். இரண்டு மதத்தினரும் சேர்ந்து நின்றார்கள். போலீஸ்காரர்களிலேயே ஒரு பகுதியினர் உத்தரவை மீறினார்கள். ஆனால் 1920 ஜூலையில், நம் புளியந்தோப்பு எரிவதற்கு ஏறக்குறைய ஒரு வருடம் முன்பு, அதே ஊர்க் கப்பல் கட்டும் தளங்களிலிருந்து கத்தோலிக்கத் தொழிலாளர்களை ஆயிரக்கணக்கில் அடித்துத் துரத்தினார்கள். அவர்கள் பக்கம் நின்ற புராட்டஸ்டன்ட் சோஷலிஸ்டுகளையும் விடவில்லை.

பிறகு 1932 அக்டோபர். வேலையில்லாதவர்களுக்குக் கொடுத்த நிவாரணக் கூலி வயிற்றுக்குப் போதவில்லை. ஃபால்ஸ் ரோடு கத்தோலிக்கர், ஷாங்கில் ரோடு புராட்டஸ்டன்ட். இரண்டு தெருக்காரர்களும் ஒன்றாக ஊர்வலம் போனார்கள். ஒவ்வொரு தரப்புக்கும் தனித்தனிப் பாட்டு உண்டு, ஒன்றை வாசித்தால் மற்றவனுக்குக் கோபம் வரும். அதனால் பேண்டு வாத்தியக்காரர்கள் இருவருக்கும் தெரிந்த வாழைப்பழப் பாட்டு ஒன்றை, ஒரு சினிமா மெட்டு மாதிரி, வாசித்துக்கொண்டே போனார்களாம். போலீஸ் சுட்டதில் இருவர் இறந்தார்கள். ஒருவர் அந்த மதம், ஒருவர் இந்த மதம். நிவாரணத் தொகையை உயர்த்த வேண்டியதாயிற்று.

மூன்று வருடத்தில், 1935-ல், மறுபடியும் மதக் கலவரம். நீங்கள் சொல்கிற சுவர்கள் 1969-க்குப் பிறகு வந்தவை. ஒரு முறை சேர்ந்தால் அது அப்படியே இருந்துவிடும் என்று நினைப்பதுதான் தப்பு. சந்தா மாதிரி மாதா மாதம் கட்டிக்கொண்டே இருக்க வேண்டியது அது. மகளிடம் அந்த ஊர் நர்ஸ்கள் சங்கத்தில் சேரச் சொல்லுங்கள்.

கார்ப்பரேஷன் துப்புரவுத் தொழிலாளர்கள் போராடிய நாட்களில் எங்கள் தெருவில் குப்பை மலையாகக் கிடந்தது. அவர்கள் கோரிக்கை நியாயமாக இருக்கலாம். ஆனால் கஷ்டப்பட்டது நாங்கள்தானே?
– வாசகர், பெரம்பூர்

கஷ்டம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தக் குப்பையை வருடம் முழுக்கக் கையால் தொட்டவர்கள் அவர்கள். ராயபுரம், திரு.வி.க. நகர் என்ற இரண்டு மண்டலங்களின் வேலையைத் தனியாருக்குக் கொடுத்தபோது, 2025 ஆகஸ்ட் 1 முதல் ரிப்பன் மாளிகை வாசலில் உட்கார்ந்தார்கள். சம்பளம் குறையும், நிரந்தரம் என்ற நம்பிக்கையும் போகும் என்பது அவர்கள் பயம். பெரும்பாலும் பெண்கள், பெரும்பாலும் தலித் குடும்பங்கள். ஆகஸ்ட் 13 நள்ளிரவில் போலீஸ் அவர்களை அப்புறப்படுத்தியது.

மண்டலத்தின் பெயரைப் பாருங்கள், திரு.வி.க. நகர். 1921-ல் விட்ட இடத்திலிருந்து தொடங்கி முடிக்க நமக்குக் கிடைத்த வாய்ப்பு என்றுதான் அந்தப் பதின்மூன்று நாளும் நான் நினைத்தேன். நிரந்தரத் தொழிலாளர்களின் பெரிய சங்கங்கள் தங்கள் ஆட்களைத் திரட்டிக்கொண்டு தினமும் வந்து உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த அளவுக்கு வரவில்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு, என் சங்கத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

உங்கள் தெருவுக்குக் காலையில் வண்டி தள்ளிக்கொண்டு வருகிறவர் பெயர் தெரியுமா? தெரியாது என்றால் நாளைக்குக் கேளுங்கள். குடிக்கத் தண்ணீர் கொடுங்கள், வீட்டில் நீங்கள் குடிக்கிற டம்ளரிலேயே.

அப்பா இறந்துவிட்டார். பீரோவில் அவருடைய பழைய சங்கச் சந்தா நோட்டுகள் பதினொன்று இருக்கின்றன. எடைக்குப் போட மனசு வரவில்லை. என்ன செய்வது?
– வாசகி, கொருக்குப்பேட்டை

போடாதீர்கள் அம்மா. என்னிடமும் எட்டு நோட்டுகள் இருக்கின்றன. ஒவ்வொரு பக்கத்திலும் பெயர், பிரிவு, தொகை. சில பெயர்களுக்குப் பக்கத்தில் 'அரை' என்று எழுதியிருப்பேன். கான்ட்ராக்ட் ஆட்களுக்குப் பாதிச் சந்தா, முழு ஓட்டு என்று 1995-ல் தீர்மானம் போட்டோம், அதன் அடையாளம். உங்கள் அப்பாவின் நோட்டில் பெயர்களைப் பாருங்கள். யாராவது இன்னும் கொருக்குப்பேட்டையிலோ தண்டையார்பேட்டையிலோ இருப்பார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த நோட்டை எடுத்துக்கொண்டு போய் உட்காருங்கள், அவர்களே பேச ஆரம்பிப்பார்கள். அப்படிப் போவதாக இருந்தால் பத்திரிகை முகவரிக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள். முழங்கால் வலி இருக்கிறது, ஆனாலும் நான் வருகிறேன்.